கேள்வி நேரத்தில் மைக் எங்கள் வரிசைக்கு வந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். கடைசியில் ஊராரிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறோம், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

"கம்பஸில கூட்டம், பேச்சு எண்டா நீங்க நாலைஞ்சு பேர் ஓடிப் போறீங்க. அங்க எங்கட ஆக்களுக்கு என்ன இருக்கு?" என்று போன வாரம் ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் தெரியாதவர்களுக்கு. திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஊர் இன்னும் 'கம்பஸ்' என்றுதான் சொல்கிறது. 1974 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. அவருடைய பெயரில் உள்ள கலையரங்கில் நினைவுப் பேருரைகள், புத்தக வெளியீடுகள், ஆய்வரங்குகள் நடக்கும். பொது உரை என்று அறிவித்தால் யாரும் போகலாம். பட்டம் இருக்கிறதா என்று வாசலில் ஒருவரும் கேட்பதில்லை. சோனகத் தெருவிலிருந்து ஓட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இராமநாதன் வீதியில் இறங்கிவிடலாம்.

நாங்கள் என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. இரண்டு ஆண் ஆசிரியர்கள், இரண்டு டீச்சர்மார், அவர்களோடு எழுபது தாண்டிய ஒரு ஹாஜியார். எங்கள் நால்வரில் யாருக்கும் 1990 ஞாபகத்தில் இல்லை. ஒருவர் கைக்குழந்தை, மற்றவர்கள் புத்தளம் பக்கத்தில் பிறந்தவர்கள். ஹாஜியாருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கூட்டங்கள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று பொய் சொல்லமாட்டோம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து ஆள் பேச வரும்போது பிளேன்ரீ ஆறிப்போயிருக்கும். சிலர் திரையில் போட்டதை ஒரு சொல் விடாமல் அப்படியே வாசிப்பார்கள். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் கரும்பலகையைப் பார்த்து வாசித்தால் பின் வரிசையில் இருந்து எங்கள் விரிவுரையாளர் இருமுவார். அந்த இருமல் எத்தனையோ பேராசிரியர்களுக்கு வாய்க்கவில்லையே என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் நல்ல உரை ஒன்று வாய்த்தால் ஒரு மாதத்துக்கு வகுப்பில் அதைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் குடாநாட்டில் நடந்த ஒரு பொது உரைக்குப் போனோம். எந்த மண்டபம், யார் பேசினார் என்று எழுதவில்லை, அது தேவையும் இல்லை. யுத்த கால இடப்பெயர்வுகள் பற்றிய உரை. பேசியவர் நல்ல படிப்பாளி. 1995 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்ததைப் பற்றி அவர் சொன்னபோது சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். எங்கள் டீச்சரும் துடைத்தார். அடுத்து வருடங்களின் அட்டவணை ஒன்று திரையில் வந்தது. அதில் ஒரு வரி: '1990 – முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்.' அவர் அந்த வரியில் நிற்கவில்லை. அடுத்த சிலைட்டுக்குப் போய்விட்டார்.

இடம்பெயர்ந்தனர்.

தமிழ் பாடம் படிப்பிப்பவர்களுக்கு இந்தச் சொல்லில் என்ன பிரச்சினை என்று சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்வது தன்வினை. ஷெல் விழுகிறது, பயந்து ஓடுகிறோம், அது இடம்பெயர்வு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, எங்கள் வாப்பா உம்மாமாரை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்களே, அது வேறு. அங்கே எழுவாய் ஒன்று உண்டு. சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் எழுபத்தையாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். வெளியேறவில்லை, வெளியேற்றப்பட்டார்கள். இதைச் செய்த இயக்கத்தின் சார்பில் அன்ரன் பாலசிங்கமே 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். இடம்பெயர்ந்தவர்களிடம் யாராவது வருத்தம் தெரிவிப்பார்களா?

கேள்வி நேரம் வந்தது. ஒரு மாணவர் மைக்கோடு வரிசை வரிசையாக வந்தார். எங்கள் வரிசையில் நின்று, "சேர், ஏதாவது கேக்கப் போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவர் தொண்டையைச் செருமினார். பிறகு மைக்கை வாங்கி, ஏதோ தண்ணீர்ப் போத்தலைக் கைமாற்றுவதுபோல, அடுத்த வரிசைக்குக் கொடுத்துவிட்டோம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒருவரும் பேசவில்லை. ஐந்து சந்தி கிட்ட வரும்போது ஹாஜியார்தான் கேட்டார்.

"ஏன் தம்பி கேக்கேல்ல?"

"இல்ல ஹாஜியார், சபையில தமிழ் ஆக்கள்தான் கூட. சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும் எண்டு..."

"சண்டையா? ஒரு சொல்லுத் திருத்தச் சொல்றது சண்டையா? நீங்க பிள்ளையளிட கொப்பியில ஒவ்வொரு நாளும் அதைத்தானே செய்றீங்க."

அன்று இரவு எங்களில் ஒருவருக்கும் சரியான நித்திரை இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் அந்த நிலத்தில் முன்பு பரமேஸ்வராக் கல்லூரி இருந்தது. 1921 இல் அதைத் தொடங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். வீதிக்கும் அவருடைய பெயர்தான். அவர் கல்விக்குச் செய்ததை யாரும் குறைக்க முடியாது. அதே இராமநாதன் 1888 ஏப்ரலில் கொழும்பில் றோயல் ஏசியாற்றிக் சொசைற்றியில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றியது. சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்பது சாரம். சட்டவாக்க சபையில் சோனகருக்குத் தனியாக ஓர் ஆசனம் கொடுப்பதா என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. அடுத்த ஆண்டே, 1889 இல், முதலாவது முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த உரையின் சூடு விளங்கும்.

அதற்கு விரிவான மறுப்பு எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். எப்போது தெரியுமா? 1907 இல். பத்தொன்பது வருடம் கழித்து. அந்த மறுப்பில் உள்ள எல்லா வாதமும் சரி என்று நாங்கள் சொல்லவரவில்லை. யார் தமிழர், யார் சோனகர் என்ற வழக்கை இந்தப் பதிவில் தீர்க்கவும் முடியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், கனவிலும் தமிழ், ஆனாலும் நாங்கள் எங்களை முஸ்லிம்கள் என்றே சொல்கிறோம், அவ்வளவுதான். எங்கள் மனதைக் குடைந்தது அந்தப் பத்தொன்பது வருடம். எங்களைப் பற்றி ஒருவர் மேடையில் பேசுகிறார், பதில் பத்தொன்பது வருடம் கழித்து வருகிறது. அன்றைக்கு எங்கள் ஆட்களில் படித்தவர்கள் குறைவு, சபையில் இடமும் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். எங்களுக்கு என்ன சமாதானம் இருக்கிறது? மைக் கைக்கே வந்ததே.

இன்னொரு அஸீஸையும் ஞாபகப்படுத்த வேண்டும், எங்கள் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். ஏ.எம்.ஏ. அஸீஸ். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம், பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபர். 1973 இல் மௌத்தானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல் அவருக்கு மறைவுக்குப் பின்னான கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிழக்கைச் சேர்ந்த கவிஞர் எம்.ஏ. நுஃமான் அங்கே விரிவுரையாளராக இருந்தவர். அந்தக் காலத்தில் சைக்கிளில் போய்ப் பேச்சுக் கேட்டு வந்ததாக ஹாஜியார் சொல்வார். அதாவது கம்பஸ் எங்களுக்கு அந்நிய இடமாக இருந்ததில்லை, இடையில் ஒரு பெரிய வெட்டு விழுந்தது.

அந்த வெட்டு எங்களுக்கு மட்டும் விழவில்லை. மருத்துவ பீடத்தில் படிப்பித்த ராஜினி திராணகம, 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர், 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வருடமும் ஒரு மாதமும் கழித்து எங்களை அனுப்பினார்கள். நியாயம் கேட்டுப் பேசக்கூடிய வாய்களை முதலில் அடைத்தபிறகு, எங்களுக்காக எந்த மண்டபத்தில் யார் பேசியிருப்பார்கள்? "தமிழ் ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல" என்று சொல்லும் எங்கள் பெரியவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போதும் எல்லாம் இலேசு என்று இல்லை. 2023 ஒக்டோபர் முடிவில் சட்டத்தரணி சுவஸ்திகா அருலிங்கம் பல்கலைக்கழகத்தில் நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேசுவதாக இருந்த உரை நின்றுபோனது. புலிகள் பற்றி அவர் சொல்லியிருந்த கருத்துக்கு மாணவர் பக்கமிருந்து வந்த எதிர்ப்புத்தான் காரணம். அவருடைய கருத்தை ஏற்பதும் ஏற்காததும் வேறு. மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழும்பி மறுத்திருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம். அந்த மாணவர்களும் எங்கள் மாணவர்களைப் போலப் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் வீட்டில் இழப்பு இருக்கிறது. அதை மறந்து பேச எங்களால் முடியாது.

சரி, பிறகு என்ன நடந்தது என்றால், நாங்கள் அந்தப் பேச்சாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒன்றரைப் பக்கம். ஐந்து தடவை திருத்தினோம், 'தயவுசெய்து' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது, டீச்சர் மூன்றை வெட்டினார். பேராதனைப் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், அவரும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர், பல வருடம் எங்கள் அகதி வாழ்க்கையை ஆய்வு செய்து எழுதியதையும், 2011 இல் வெளிவந்த குடிமக்கள் ஆணைக்குழு அறிக்கையையும் குறிப்பிட்டோம். ஹஸ்புல்லாஹ் சேர் 2018 இல் மௌத்தாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் மைக்கை அடுத்த வரிசைக்குக் கொடுத்திருக்கமாட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "சொல் பிழை, திருத்திவிட்டேன்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அதோடு நிற்கவில்லை. தன்னுடைய மாணவர்களுக்கு நாங்கள் வந்து பேச முடியுமா, கேள்விப்பட்டவர்கள் இல்லாமல் அனுபவித்தவர் ஒருவரும் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், பதில் வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கோபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். இப்போது போகத்தான் வேண்டும்.

இதை ஊரில் சிலரிடம் சொன்னபோது ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். "வந்து குடியேறி வீட்டைக் கட்டி ஒருமாதிரி இருக்கிறம், பழசைக் கிளறாதீங்க" என்றார் ஒருவர். பக்கத்துக் கடைக்காரர் தமிழர், நாளைக்கு முகம் பார்க்க வேண்டுமே என்றார் இன்னொருவர். இந்தப் பயத்தை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை, அந்த ஓட்டோவில் எங்களுக்கும் அதுதான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறோம். எங்கள் சொந்தக் கூட்டங்களில் கேள்வி நேரம் வைக்கிறோமா? பேச்சு முடிந்தவுடன் துஆ, ஸலவாத்து, கலைந்துவிடுகிறோம். பெண்களின் பக்கம் மைக் போவதே இல்லை. எழும்பி ஒரு கேள்வி கேட்டுப் பழகாத பிள்ளை கம்பஸ் மண்டபத்தில் எப்படிக் கேட்கும்? மைக்கை நாங்கள் கைமாற்றியதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

ஹாஜியார் பேசுவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு நிபந்தனை: எழுதிக் கொடுக்கக்கூடாது, தான் கதையாகத்தான் சொல்வார். சிலைட் பொறுப்பு எங்களுடையது. திரையை வாசிக்கமாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

இனித்தான் உதவி. 1990 க்கு முன் எடுத்த வீட்டுப் படங்கள், ஒஸ்மானியா, கதீஜா பாடசாலை வகுப்புப் படங்கள், காணி உறுதி, முகாமில் தந்த கூப்பன் அட்டை, அந்தக் காலத்தில் தமிழ் அயலவர் எழுதிய கடிதம், எது இருந்தாலும் காட்டுங்கள். மூலப்பிரதியை வாங்கமாட்டோம், உங்கள் வீட்டிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு போவோம். கடிதங்களை முக்கியமாகத் தேடிப் பாருங்கள், அப்படியான கடிதங்கள் சில வீடுகளில் இன்னும் அலுமாரிக்குள் இருக்கின்றன என்று தெரியும். அனுபவித்த உம்மாமார் யாராவது எங்களோடு வர விரும்பினால் இரண்டு டீச்சர்மாரும் கூடவே இருப்பார்கள், ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வீட்டிலேயே இறக்கிவிடுவோம்.

கிழமை நாட்களில் அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். மழை என்றால் ஒரு கோல் அடித்துவிட்டு வாருங்கள், ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.