மணிக்கட்டுக்கு முன்னால் நிற்பவனுக்கு

அன்புள்ள செயின் பிரேக்குக்கு,

உன் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நீ யாரென்றே தெரியாது. மரம் அறுக்கும் மெஷின் தெரியும். பார் தெரியும், செயின் தெரியும், பிளக் கருகினால் மாற்றவும் தெரியும். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்கிறதே, அது என்ன என்று கேட்டால், "குச்சி கிச்சி கையில படாம இருக்கத்தானே அண்ணே?" என்பார்கள். அதற்கும்தான். ஆனால் அந்தத் தடுப்பு உன் கை மட்டுமே; உன் உடம்பு மூடிக்குள் இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் சின்ன என்ஜின்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைப்பவன் நான். உன்னை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிறர் படித்தால் படிக்கட்டும்.

செயின் பிரேக்கே, முதல் கடன் உன் எளிமைக்கு. செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று. அதன் ஒரு முனை மெஷினின் உடலில் மாட்டியிருக்கும், மறுமுனை ஒரு நெம்புகோலில். நெம்புகோலுக்குப் பின்னால் அமுங்கிக் காத்திருக்கும் தடித்த ஸ்பிரிங். முன்னால் நிற்கும் தடுப்பான கைக்காப்பு மணிக்கட்டில் இடித்து முன்னால் சாயும்போது, மடங்கி நின்ற மூட்டு நடுக்கோட்டைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகு யாரும் உன்னைத் தள்ள வேண்டியதில்லை. ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்கிறது, பட்டை டிரம்மைக் கவ்வுகிறது, செயின் நிற்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது. நடுக்கோட்டைத் தாண்டும் அந்த மூட்டைப் பார்க்கும்போதெல்லாம், இதை முதலில் காகிதத்தில் வரைந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது.

உன்னை எதற்காகப் படைத்தார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிரேக்கே. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பார் என்ற நீண்ட தகட்டின் மேல்பக்கத்தில் முன்னோக்கி ஓடும் செயின், தகட்டின் நுனியான மூக்கில் வளைந்து கீழே இறங்கி, அடிப்பக்கமாகத் திரும்பி வருகிறது. மூக்கின் மேல் கால்பகுதியில் ஒரு பல் எதிலாவது சிக்கினால், மரத்தை அறுக்க வேண்டிய விசை முழுவதும் பாரைத் தூக்கி அறுப்பவரின் பக்கமே திருப்பி எறிகிறது. இதைத்தான் நாங்கள் 'மெஷின் உதைக்கிறது' என்போம். கழுத்து, முகம், இடது தோள் எல்லாம் அந்த வளைவின் பாதையில் இருக்கின்றன. இது நடந்து முடிய ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு போதும். கண் பார்த்து, மூளை புரிந்து, கை விலகுவதற்கு அதைவிட நேரமாகும். ஆக, 'ஜாக்கிரதையாக இரு' என்ற நம் ஊரின் பொது மருந்து இங்கே செல்லாது. எவ்வளவு ஜாக்கிரதையானவருக்கும் அந்த நேரம் கையில் இருப்பதில்லை. அதை நீ வைத்திருக்கிறாய்.

எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன், தோழா. சராசரியாக 0.12 வினாடிக்குள் நீ செயினை நிறுத்தியாக வேண்டும் என்கிறது சர்வதேசத் தரவிதி. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செயின் ஓடுவதாகவும், அது சீராகக் குறைவதாகவும் வைத்துக்கொண்டால், நீ கவ்விய பிறகும் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே ஓடித்தான் நிற்கும். 18 அங்குல பாரில் அது ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று. எடுத்தவுடன் இதைக் கேட்பவர்களுக்கு, நின்றபாடில்லையே என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. முழு வேகத்தில் இருந்த ஒன்று, ஏறத்தாழ ஒரே சுற்றில் அடங்கிவிடுகிறது. இதைவிட அதிகம் ஒரு இரும்புப் பட்டையிடம் கேட்பது பேராசை.

இரண்டாவது கடன், செயின் பிரேக்கே, உன்னைத் தொடாத கைகளுக்காக. பாரைக் கிடையாகச் சாய்த்து அறுக்கும்போதும், இடது கையின் பிடி பக்கவாட்டில் இருக்கும்போதும் மணிக்கட்டு உன் கைக்காப்புக்கு நேராக இருக்காது. மெஷின் உதைத்தாலும் இடிக்காது. அப்போது யார் உன்னை இழுப்பது? உன் கைக்காப்பின் சொந்த எடைதான். பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்கிற ஆள் பின்னால் சாய்வதுபோல, மெஷின் மேலே எகிறும்போது உன் கைக்காப்பு கூடவே எகிறாமல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. மெஷினைப் பொறுத்தவரை அது முன்னால் சாய்ந்ததாகக் கணக்கு. மூட்டு தாண்டிவிடும். உன்னைத் தூக்கி எறிந்த உதையைக் கொண்டே செயினை அடக்குகிறாய். புத்திசாலித்தனம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

பிரேக்கே, உன் வம்சாவளியையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 1926இல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மின்சாரத்தில் ஓடும் மரம் அறுக்கும் செயின் மெஷினைச் செய்தார். 1929இல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. இரண்டு பேர் பிடித்து அறுக்க வேண்டிய பாரம். 1946இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிமரத்தில் ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாக மரத்தை அரித்துத் தின்பதைக் கண்டு, அதன் தாடைகளைப் பார்த்துச் செயினின் பல்லை மாற்றி அமைத்தார். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பெட்ரோல் தரும் டயஃப்ரம் கார்ப்பரேட்டர் வந்தது. 1959இல் ஷ்டீல் நிறுவனத்தின் கான்ட்ரா என்ற மாடல், பற்சக்கரப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ஜினிலிருந்து நேராகச் செயினைச் சுழற்றியது. எடை குறைந்தது, வேகம் கூடியது, இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்தார். அதே வேகமும் அதே இலேசும்தான் உதையைக் கொடூரமாக்கின. அந்தக் கடனை அடைக்க நீ வந்தாய்: 1970களின் முற்பகுதியில், ஜெர்மனியின் ஷ்டீல், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனங்களில். கண்டுபிடித்தவர்கள் முதலில் வேகத்தையும் பிறகு கழுத்தையும் நினைத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் நினைத்தார்களே.

செயின் பிரேக்கே, கஜாவை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், எங்கள் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. விழுந்த மரங்களை அறுப்பதுபோல் ஆபத்தான வேலை இல்லை. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். எது எதைத் தாங்குகிறது, அறுத்தால் எது துள்ளும் என்று தெரியாது. மட்டைகளுக்குள் பாரின் மூக்கு எங்கே போய் இடிக்கிறது என்று அறுப்பவருக்கே தெரியாது. அந்த வாரம் ஒரு பையன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, செயின் இறுகிப்போச்சு. மெஷின் உறுமுது, செயின் ஓட மாட்டேங்குது. அவசரம்ணே." வாங்கிப் பார்த்தேன். எதுவும் இறுகவில்லை. உன் கைக்காப்பு முன்னால் சாய்ந்து கிடந்தது. பின்னால் இழுத்தேன், 'டக்'. செயின் கையோடு நகர்ந்தது.

"தம்பி, எங்கேயாவது உதைச்சுதா?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "ஆமாண்ணே, உள்ள எதுலயோ மூக்கு இடிச்சுது. எகிறி மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. அப்பறம்தான் ரிப்பேர் ஆயிடுச்சு." தன்னைக் காப்பாற்றியதைக் கோளாறு என்று நினைத்து, அதைச் சரிசெய்ய வந்திருந்தான், பிரேக்கே! விளக்கிச் சொன்னதும் தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு, "எவ்வளவு ஆச்சுண்ணே?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அந்த வேலையைச் செய்தவன் நீ.

உன் உடன்பிறந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது, நண்பா. ஐட்லிங்கில் செயினை ஓடவிடாமல், வேகம் ஏறினால் மட்டும் சுழற்சியின் வீச்சில் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் கிளட்ச். உள்ளங்கை பின் கைப்பிடியை முழுதாகப் பிடித்தால் தவிர ஆக்சிலேட்டரை அசையவிடாத பூட்டு. அறுந்த செயினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. காலுக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்புக் கால்சட்டைகூட உன் உறவுதான்: செயின் பட்டதும் அதன் நீண்ட இழைகள் வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிச் செயினை நிறுத்தும். எங்கள் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள யாரும் சம்மதிப்பதில்லை என்பது வேறு கதை. கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே உட்கார்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பரும் ஸ்பிரிங்கும் தனி வணக்கத்துக்குரியவை. ஃபின்லாந்தின் சுவோமுசல்மி பகுதி மரம்வெட்டிகளிடம், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் 1972இல் 40 சதவீதமாக இருந்து 1990இல் 5 சதவீதமாகக் குறைந்தது. அதிர்வு குறைந்த மெஷின்கள் அதற்குப் பெரும் காரணம்.

உன்னைப் பற்றிய புகார்களும் என் பட்டறைக்கு வருவதுண்டு, செயின் பிரேக்கே. சில மெஷின்களில் நீ கிளட்ச் மூடியின் உள்ளேயே இருப்பாய். பிரேக் போட்ட நிலையில் மூடியைக் கழற்றிவிட்டால், சுருங்கிய பட்டை டிரம்மில் திரும்ப ஏறாது. புதியவர்கள் சுத்தியலைத் தேடுவார்கள். பிரேக் விழுந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தால் கிளட்ச் வழுக்கி டிரம் நீலம் பாயும், பக்கத்தில் இருக்கும் ஆயில் பம்பின் பிளாஸ்டிக் சக்கரம் இளகும். பழி உன்மேல் விழும். "அதைக் கழட்டிடுங்கண்ணே, தொல்லை" என்பார்கள். கழற்றித் தரும் பட்டறைகளும் உண்டு. என் பட்டறையில் அது நடக்காது. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து உன் பட்டையைச் சுற்றிக் களிம்பாக அப்பியிருப்பதைச் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடுகிறாய்.

பிரேக்கே, உன்னால் ஆகாததும் உண்டு என்று எனக்குத் தெரியும். எகிறும் பாரை நீ நிறுத்துவதில்லை, செயினை மட்டுமே நிறுத்துகிறாய். நின்ற செயினும் முகத்தில் இடித்தால் கிழிக்கும். பட்டை தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் களைத்திருந்தாலோ நீ தாமதிப்பாய். தோள் உயரத்துக்கு மேலே, ஏணியில் நின்று, ஒரே கையால் மெஷினைப் பிடித்து அறுக்கிறவருக்கு உன்னாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதும், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போதும் உன்னைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மணிக்கட்டால் தள்ளிக் காட்டுகிறேன்.

இப்போது பேட்டரியில் ஓடும் மெஷின்களும் ரிப்பேருக்கு வருகின்றன, செயின் பிரேக்கே. பெட்ரோல் இல்லை, புகை இல்லை, இழுக்கக் கயிறும் இல்லை. நான் கற்ற தொழிலில் பாதி அதில் காணாமல் போயிருக்கிறது. முன் கைப்பிடிக்கு முன்னால் பார்த்தால் நீ நிற்கிறாய். உன்னைத் தள்ளினால் மோட்டாருக்கு மின்சாரம் போவதும் நிற்கிறது. பழைய மெஷினோ புதிய மெஷினோ, எது வந்தாலும் முதலில் உன்னைத்தான் பார்க்கிறேன். அதற்குக் கூலி போடுவதில்லை. பில்லில் 'பிரேக் பார்த்தது' என்று எழுதி, எதிரே தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். இது என்ன கோடு அண்ணே என்று யாராவது கேட்பார்கள். அப்போது மெஷினை மறுபடி மேசைமேல் வைத்து, உன்னை ஒருமுறை தள்ளிக் காட்டிச் சொல்ல ஆரம்பிப்பேன்.

அன்புடன்,
உன் கடன்காரன்,
ஒரு சின்ன என்ஜின் மெக்கானிக்