வேப்பமரக் கப்பல்

பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. காலையில் பேப்பர், மாலையில் கடற்கரை நடை என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. போன தை மாதம் ஒரு கப்பல் கட்ட ஆரம்பித்தேன். பயப்பட வேண்டாம், மேசை மேல் நிற்கிற கப்பல்தான்.

ஆசையைக் கிளப்பியது அன்னபூரணி. நமக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய பாய்க்கப்பல் அது. 89 அடி நீளம். ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல் பல தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

வேப்பமரம் என்றதும் எங்கள் கொல்லை வேம்பு ஞாபகம் வந்தது. 2018 கஜா புயலில் சாய்ந்த மரம். விற்க மனமில்லாமல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. பக்கத்திலேயே அப்பாவின் உளிப்பெட்டி.

அப்பா வள்ளம் கட்டும் ஓடாவி. வரைபடம் கிடையாது. ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், அவ்வளவுதான். பள்ளியில் அப்பா தொழில் என்ன என்று கேட்டால், ‘தச்சு வேலை’ என்று வாய்க்குள் முனகுவேன். அவரும், “உளியைத் தொடாதே, புத்தகத்தை எடு” என்பார். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது. நான் கணக்கு வாத்தியார் ஆனேன்.

வாத்தியார் புத்தி போகுமா? அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்குப் போட்டேன். 22¼ அங்குலக் கப்பல். பேரன் கைப்பேசியில் காட்டிய புகைப்படத்தைப் பார்த்து கிராஃப் தாளில் வரைந்தேன். அடிமரமான ஏராவைச் சீவி, விலா எலும்பு மாதிரி வங்குகளை அறுத்து நிறுத்தினேன். மெல்லிய பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஒரு பக்கம் முழுவதும் ஒட்டி முடித்தேன். மறுநாள் பார்த்தால் கப்பல் வாழைப்பழம் போல வளைந்து கிடக்கிறது!

துறைமுகத்தில் விசைப்படகு பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனேன். சின்ன வயதில் அப்பாவிடம் வேலை பழகியவர். கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதே பார்வை.

“ஒரு பக்கமே அடிச்சா ஏரா இழுத்துக்கிடாதா தம்பி? இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடணும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஒங்கப்பா இதத்தான் எனக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தாரு” என்றார்.

எனக்குச் சொல்லியிருக்க மாட்டாரா? நான் கேட்கவே இல்லையே.

வீட்டுக்கு வந்து பலகைகளையெல்லாம் பிரித்தேன். வளைந்த ஏராவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சீவினேன். இப்போது இரு பக்கமும் நாலு நாலு பலகை ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒட்டியதும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். நேராகத்தான் தெரிகிறது. என் கண்ணுக்கு.