ஓடாவியின் கை

யானையோ குதிரையோ ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கு ஏற்றிய கப்பலென்றால் பாதிக்குப் பாதி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு இப்படிச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. தமிழில் வெட்டப்பட்டது. பிற நாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்றும் அதில் இருக்கிறது. ஊராத்துறைதான் யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள எங்கள் ஊர்காவற்றுறை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து எழுதியதால் இன்று நாங்கள் இவ்வளவும் அறிகிறோம்.

எங்கள் ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது, "எழுத்துக் கல்லு மோனை, கால் படக்கூடாது" என்பா. அந்தக் கல்லுக்கு அது ஒரு பாதுகாப்பு. எந்தத் திணைக்களத்தின் அறிவிப்புப் பலகைக்கும் குறைந்ததல்ல.

பின்னாளில் அந்தக் கல்வெட்டை வாசித்தபோது எனக்கு உறுத்திய விடயம் வேறு. அரசனின் பங்கு சொல்லப்பட்டிருக்கிறது, கப்பல் உடையவனின் பங்கு சொல்லப்பட்டிருக்கிறது. உடைந்த கப்பலைக் கரைக்கு இழுத்து, பலகை மாற்றி, திரும்பக் கடலில் இறக்கிக் கொடுத்தவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துறை இருந்த இடத்தில் அவன் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

அவனுடைய வழியில் வந்தவர்களைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். ஓடாவிமார். ஊர்காவற்றுறைக் கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துவைத்துப் பழுது பார்த்தபடி இருப்பார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு நெருங்கிய ஓர் ஓடாவி இருந்தார். அவர் வீட்டுக்கு வந்தால் முதலில் முற்றத்து வேம்பைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். "அண்ணை, அந்தக் கிழக்குப் பக்கக் கொப்பு நல்லா வளைஞ்சு வருது. வெட்டிப்போடாதேங்கோ, வங்குக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுத்தான் திண்ணையில் இருப்பார். வங்கு என்பது வள்ளத்தின் விலா. நேர்ப்பலகையை வளைத்து வங்கு செய்தால் ஒருநாள் வெடிக்கும், மரம் தானாக வளைந்த இடத்தில் எடுத்தால் நார் அறாது என்பது அவர் கணக்கு. ஆகையால் ஊரில் எந்த வளவில் எந்தக் கொப்பு எப்படி வளைகிறது என்பது அவருக்கு மனப்பாடம். தாளில் ஒரு கோடும் கீறமாட்டார். அடிமரமான ஏராவை வைத்ததும் முழமும் சாணுமாக அளவு வாயில் வந்துவிடும்.

கலப்பத்து அடிக்கும் நாள் எங்களுக்குத் திருவிழா. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறுக்குவார்கள். குங்கிலியம் எண்ணெயில் காயும் மணம் தெரு முழுக்க வரும். அடிக்கிற ஓசையைக் கேட்டே எங்கே இடுக்கு நிறைந்தது, எங்கே இன்னும் இடம் இருக்கிறது என்று அவர் சொல்லுவார். அந்தக் காதை எந்த நூதனசாலையில் வைப்பது?

இந்தக் கைகள் செய்ததை உலகம் ஒருமுறை கண்டது. வடமராட்சி வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 89 அடி நீளமான பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் சூயஸ் வழியாக மத்தியதரைக்கடல் தாண்டி, அத்திலாந்திக்கையும் கடந்து 1938 ஆகஸ்டில் மசாசுசெற்சின் குளோசெஸ்ரர் துறையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கப்பலின் பெயர் அதற்குள் புளோரன்ஸ் சி. றொபின்சன் ஆகியிருந்தது. கடலோடிகளின் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அத்திலாந்திக்கின் அலையைத் தாங்கிய பலகையை இணைத்தவர்களின் பெயர்களைத் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் கொஞ்சம். நயினாதீவுக் கல்லில் இருந்த அதே மௌனம்.

ஊர்காவற்றுறை ஒருகாலத்தில் யானைத் துறையாகவும் இருந்தது. வன்னியில் பிடித்த யானைகளை இங்கிருந்துதான் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். போர்த்துக்கேயர் இதை யானைத் துறை என்றே எழுதிவைத்தார்கள். ஒரு யானையை மரக்கப்பலில் ஏற்றி, கடலில் அது அசையாமல் நிற்கத் தட்டு அமைப்பதென்றால் எவ்வளவு தச்சு அறிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் துறைக்குக் காவலாக, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், கடல் நடுவே கோட்டை நிற்கிறது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது குடிநீர் இல்லாமற்போய்த்தான் போர்த்துக்கேயர் அதைக் கைவிட்டார்கள். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது சிறையாக இருந்தது. 1971இல் கிளர்ச்சித் தலைவர் றோகண விஜேவீர அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இன்று கடற்படை நடத்தும் விடுதி. காரைநகருக்கு மிதவைப் பாதையில் ஏறிக் கடல் கடக்கும்போது பக்கத்தில் தெரியும். கட்டடம் பத்திரமாகவே இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோட்டை எதைக் காத்ததோ அந்தத் துறைத்தொழில் அதைச் சுற்றிலும் இல்லை.

மரவள்ளத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்தது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரம் குறைவு, கரையில் ஏற்றுவது சுகம், உளுக்காது, கடற்றொழிலாளிக்கு ஆண்டுக்காண்டு கலப்பத்துச் செலவு இல்லை. வறிய மனிதனிடம் போய் மரபுக்காக மரத்தில் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பைபர் வந்ததும் தொழில் மகனுக்குப் போகவில்லை. பெரியப்பாவின் நண்பரின் பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும். அவரோடு அந்தக் கொப்புகளின் கணக்கும் போயிற்று.

குமுதினியை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியாது. நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடிய பயணிகள் படகு. 1985 மே 15ஆம் நாள் நடுக்கடலில் அதை மறித்து, குழந்தைகள், பெண்கள், முதியோர் என 30க்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே சொன்னார்கள். அந்தப் படகைத் திருத்தித் திரும்பவும் அதே கடலில் ஓடவிட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் தீவுச் சனம் போகவேண்டுமே. அந்தத் தட்டைக் கழுவி, பலகை மாற்றிக் கொடுத்தவர் யார் என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு. ஒரு தொழிலாளியின் கைக்கு அதைவிடப் பெரிய பாரம் வந்திருக்காது. இன்று வடதாரகை ஓடுகிறது, 2017இல் நெடுந்தாரகையும் வந்தது. வரட்டும். குமுதினியைப் போன்ற ஒன்றைப் பாதுகாக்கவேண்டிய வரலாற்றுச் சின்னமாக எப்போது எண்ணப்போகிறோம்?

குறிகட்டுவானிலிருந்து அலையில் ஒரு மணித்தியாலம் போனால் நெடுந்தீவு. ஆச்சியின் பிறந்த இடம். ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். மற்றவை உதிர்ந்துபோக நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ப்ற் ஒட்டிக்கொண்டது. அங்கே போகிறவர்கள் பெருக்கமரத்தைப் பார்ப்பார்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டைப் பார்ப்பார்கள், புறாக்கூட்டைப் படம் எடுப்பார்கள், வெட்டையில் மேயும் குதிரைகளைப் பார்ப்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆகியது. மேற்கே வெடியரசன் கோட்டை என்று சனம் சொல்லும் இடத்தில் முருகைக்கல்லால் கட்டிய தூபிகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. அவை யாருடைய பௌத்தம் என்ற சண்டை ஓயாது. கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடிவந்த மீகாமனோடு பொருத வெடியரசனின் கதையை ஆச்சி சொல்லும்போது அந்தச் சண்டைக்கு இடமே இருக்காது. கல், கடல், ஒரு வீரன், அவ்வளவுதான்.

நான் நெடுந்தீவில் நின்று பார்க்கிறது வேலியை. கல்வேலி. ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில், சாந்தில்லாமல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டியது. தீவு முழுக்க ஓடுகிறது. கோட்டைக்கும் புறாக்கூட்டுக்கும் வீட்டுக்கும் வேலிக்கும் ஒரே கல். கோட்டைக்கு வயதும் கணக்கும் உண்டு, வேலிக்கு இல்லை. அதற்குக் காரணம் வேலி ஒருநாளும் முடிவதில்லை. மாடு உரஞ்சி நாலு கல் விழும், மாரியில் ஒரு முழம் சரியும், வீட்டுக்காரர் காலையில் எழுந்து திரும்ப அடுக்குவார். மாமா அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பாரமான கல் அடியில், இரண்டு முகமும் கொஞ்சம் உள்ளே சாய, நடுவில் சல்லி. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் வைக்கிற இடம் கிடைக்கும்வரை கீழே போடமாட்டார், அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவால் சோளகம் ஊடுருவிப் போகவேண்டும். "காத்துப் போக வழி விட்டாத்தான் மதில் நிக்கும்" என்பார். சீமேந்துச் சுவர் காற்றை மறிக்கிறது, மழைநீரையும் மறிக்கிறது.

1990, 1991இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் வெறிச்சோடிப்போயின. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் "காற்றுவெளிக் கிராமம்" என்று தன் தொகுப்புக்குப் பெயர் வைத்தது அந்த வெறுமையால்தான். திரும்பிப்போன சனம் கண்டது கூரை இல்லாத வீடுகளை. கூரையைக் குண்டும் களவும் தின்றன. ஆனால் ஆளில்லாமல் விட்டதால் மட்டும் எத்தனை சுவர்கள், கிணற்றுக்கட்டுகள், கேணிகள் போயின என்பதை எவரும் எழுதவில்லை. கட்டடத்தைக் காப்பது கட்டடம் அல்ல, அதைத் தினமும் தொடுகிற கை.

இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940இல் வந்தது. 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதா என்று அது கேட்கிறது. ஓடாவியின் தொழில் எந்தத் திகதிக்கு முற்பட்டது? அது ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது, நடக்காத நாளில் இல்லை. திகதி கேட்கிற சட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது.

உலகத்தில் இதைப் பிடிக்க வழி கண்டிருக்கிறார்கள். சாந்தில்லாமல் கல்லடுக்கி மதில் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோவாசியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி, சுலோவேனியா, ஸ்பெயின், சுவிற்சர்லாந்து என எட்டு நாடுகள் சேர்ந்து கேட்டன. பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டும் வடதேசத்து மரவள்ளக் கலையை 2021இல் சேர்த்தது. கேட்டவை டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன். இரண்டிலும் பட்டியலில் ஏறியது மதிலும் அல்ல வள்ளமும் அல்ல, செய்யத் தெரிந்த அறிவு. நோர்வேயில் எத்தனை தீவகத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள்! அங்கே அரசு காப்பாற்றுகிற தொழிலும் தங்கள் பாட்டனுடைய தொழிலும் ஒன்றென்று அவர்களுக்கு யார் சொல்வது?

கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் நினைவுக்கு வருகிறார். லிஸ்பனிலும் வத்திக்கானிலும் நூலகங்களைத் துழாவி, அன்ரம் த புரோவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை எடுத்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர். தீவில் பிறந்த ஒருவர் எங்கோ கிடந்த ஏட்டை அப்படித் தேடினார். ஏட்டில் ஏறாத அறிவைத் தேட அவரைப் போல ஓராள் எங்களுக்கு வேண்டும். ஒளிப்பதிவுக் கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. ஓர் ஓடாவி வங்கு தெரிவதை முழுதாகப் பதிவு செய்ய ஒரு மாதம் போதாதா?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் கலந்த மின் திட்டம் வருகிறது. முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போய், பிறகு இந்திய உதவிக்கு மாறி, 2024இல் ஒப்பந்தம் ஆனது. 530 கிலோவாற் காற்றிலிருந்தும் 1,700 கிலோவாற் சூரியனிலிருந்தும். தீவுச் சனம் இருட்டில் இருக்கவேண்டும் என்று மரபின் பெயரால் யாரும் கேட்கக்கூடாது. நான் கேட்பது ஒன்றுதான். கம்பம் நட வேலியைப் பிரிக்கிற இடத்தில் சீமேந்துக் கல் வைக்காமல் அதே கல்லை அடுக்கித் தரவேண்டும். அதற்குத் தெரிந்த ஆளைக் கூலிக்குப் பிடிக்கவேண்டும். திட்டச் செலவில் அது ஒரு தூசு.

போன மாரிக்குப் பிறகு மாமாவின் மகன் போன் எடுத்தான். முன் மதில் ஒரு பக்கம் சரிந்துபோயிற்றாம். "அண்ணை, புளொக் கல்லு வைச்சுக் கட்டினா ஒரேயடியா முடியும், என்ன சொல்லுறியள்?" என்றான். அடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டேன். "ஒராள் இருக்கிறார், வயசாளி. ஆனா கூலி புளொக்கைவிடக் கூட வரும்."

அனுப்புகிறேன் என்றேன். கல் தூக்கித் தர இரண்டு பெடியளையும் அவரோடு விடச் சொன்னேன், அவங்களுக்கும் நாட்கூலி என்றேன். "தூக்கித் தாறதோட விடாதை. அவர் கல்லைத் திருப்பிப் பாக்கேக்க பக்கத்தில நிண்டு பாக்கச் சொல்லு. ரெண்டாம் நாள் அவங்கள் அடுக்கட்டும், பிழையெண்டா அவர் பிரிக்கட்டும்." வேலை நாலு நாள் கூட இழுக்கும் என்று அவன் முணுமுணுத்தான். இழுக்கட்டும் என்றேன்.