பேரன் நடந்த அடிகள்

அன்றைக்குக் கடிகாரம் 8,214 அடி காட்டியது. அதில் என் கால்கள் வைத்தது காரிலிருந்து கேன்டீன் நாற்காலி வரைக்கும்தான். மிச்சமெல்லாம் என் ஏழு வயதுப் பேரன் ஓடியது.

இடம் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில். சிட்னிக்குத் தெற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தால் உண்டான ஊர், சுற்றிலும் காடு, நடுவில் 1985இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். ஞாயிற்றுக்கிழமையானால் மகள் அங்கே கூட்டிப்போவாள். தரிசனம் முடிந்து மசால் தோசைக்கு உட்கார்ந்ததும், கடிகாரத்தைக் கழற்றிப் பேரன் கையில் கடைசி ஓட்டை வரை இறுக்கிக் கட்டிவிடுவேன். மற்ற பிள்ளைகளோடு அவன் ஓடிப்பிடித்து விளையாடுவான். வார நாட்களில் இதே ஏற்பாடு வீட்டுப் பக்கத்துப் பூங்காவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு முன்னால், பால்காரர் வாசலில் நின்று கேட்கிற மாதிரி கேட்டான்: "தாத்தா, இன்னைக்கு எவ்வளவு வேணும்?"

"ஆறாயிரம் போதும்டா" என்றேன். கோயில் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

திண்டுக்கல்லில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றச் சொன்னால் மூன்றோடு வேப்பமரத்தடியில் ஒதுங்கும் பையன்களை வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறேன். யார் ஏமாற்றுகிறான் என்பது மூச்சு வாங்குவதிலேயே தெரிந்துவிடும் எனக்கு.

எனக்குப் பெருங்குடலில் புற்று. அறுவை, பிறகு ஆறு மாதம் கீமோ. அதில் ஆக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து. போகும்போது என் பாதங்களின் உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெறுங்காலோடு பிராகாரம் சுற்றினால் கீழே கல்லா பஞ்சா என்று தெரியாது. ஒருமுறை செருப்பு நழுவிப் போனது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன், பின்னால் வந்த பெண் கூப்பிட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து விழுந்துவிடுவோமோ என்று ஒரு பயம். தினம் ஆறாயிரம் அடி நடக்கச் சொன்ன பிசியோவிடம் இதைச் சொல்லியிருந்தால் சைக்கிள் மிதிக்கும் பயிற்சியாவது கொடுத்திருப்பார். பி.டி. மாஸ்டருக்கு நடக்கப் பயம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் டி.வி. பார்த்துக்கொண்டே கையை ஆட்டிப் பார்த்தேன். கடிகாரத்துக்குள் இருக்கும் உணரி மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் அடியைக் கணிக்கிறது. சப்பாத்தி மாவு பிசைந்தாலும் சில சமயம் எண் ஏறும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே நடந்தால் குறைத்துக் காட்டும். கை வலித்தது. பேரன் இருக்கையில் எதற்கு?

இதுவரை சொன்னது என்னோடு போகிற குற்றம். இனிமேல் சொல்வது அப்படியல்ல.

சிகிச்சை முடித்த தமிழர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ராத்திரியானால் ஆளுக்கு ஓர் எண் போடுவோம். முதலிடம் பெரும்பாலும் எனக்குத்தான். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், என்னைவிட இளையவர், இரண்டாயிரத்தைத் தாண்டத் திணறுவார். அவருக்கு நான் எழுதினேன்: "மனசு வெச்சா முடியும் தம்பி. என்னைப் பாருங்க." அடுத்த வாரம் அவர் எண் வரவில்லை. மாதக் கடைசியில் குழுவிலிருந்தே விலகிவிட்டார். நான் அன்றைக்கும் எண் போட்டேன்.

கடிகாரத்தைக் குறை சொல்ல வழியில்லை. மெல்பர்னில் மார்பகப் புற்று சிகிச்சை முடித்த 83 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கடிகாரம் கட்டியவர்கள், 12 வாரத்தில், கட்டாதவர்களைவிட வாரத்துக்கு 69 நிமிடம் கூடுதலாக உடம்பை வருத்தியிருக்கிறார்கள். ஊரெல்லாம் சொல்லும் பத்தாயிரம் அடிதான் டாக்டர் கணக்கில் பிறந்ததில்லை. 1965இல் ஜப்பானில் யமாசா கம்பெனி விற்ற அடிமானியின் பெயர் அது, மன்போ-கெய். நான் கோட்டைவிட்டது அந்தப் பத்தாயிரத்தைக்கூட அல்ல, வெறும் ஆறாயிரத்தை.

2025 ஜூனில் இன்னோர் ஆய்வு வந்தது. என்னுடையதே போன்ற நோய், கீமோ முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடாவும் ஆஸ்திரேலியாவும். ஒரு பாதிப் பேருக்கு மூன்று வருஷம் பயிற்சி, ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளோடு உட்கார்ந்து பேச்சு. மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம். எட்டு வருஷத்தில் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு, மற்றவர்களில் 83. அந்த ஏழு பேரை நினைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேரன் ஓடியதெல்லாம் பேரன் உடம்பில்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "நான் போட்ட எண்ணெல்லாம் பொய்" என்றேன்.

"அப்ப ஆர் நடந்தது, அண்ணை?"

"பேரன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "உங்கட கணக்கைப் பிடிக்கிறதுக்கு நான் இருட்டுக்குள்ளயும் நடந்தனான். மனிசி பேசப் பேச நடந்தனான்" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "இண்டைக்கு எவ்வளவு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "ஆயிரத்து அறுநூத்து நாப்பது."

"எனக்கு ரெண்டாயிரத்து முந்நூறு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.