வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள்

தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து செஞ்சிக்கு வருகிறவர்கள் ஒரு முன்முடிவையும் கூடவே கொண்டுவருகிறார்கள். சங்கீதம் காவிரி பாய்கிற இடத்தில் விளைவது. ஏரியும் மானம் பார்த்த மல்லாட்டைக் கொல்லையுமாகக் கிடக்கும் இந்தக் கரட்டு மண்ணில் கோட்டை எழும்பலாம், பாட்டு எங்கிருந்து எழும்பும் என்கிற நினைப்பு அது. பாறைமேல் பாறையாக நிற்கும் ராஜகிரியை அண்ணாந்து பார்த்தால் அது சரியென்றுகூடத் தோன்றும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. ஆனால் தமிழர்களுக்கு இந்த ஊரைத் தெரிய வைத்தது மதில் அல்ல, தேசிங்கு ராஜன் கதைப்பாட்டு. சொற்ப காலமே ஆண்டு, 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, 22 வயதில் மாண்டவன் அவன். கோட்டையைக் கட்டியவர்களும் முற்றுகையிட்டவர்களும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட, இவன் மட்டும் திண்ணைக்கும், பெரிய எழுத்துப் புத்தகத்துக்கும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்துக்கும் போனான். அந்தப் பாட்டில் மன்னனுக்குப் பெயர் உண்டு, தோழன் மகமத்கானுக்குப் பெயர் உண்டு, குதிரைக்கும் பெயர் உண்டு. அதை முதலில் பாடியவரின் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

பாடியவரின் பெயர் ஓரிடத்தில் நிலைப்பதும் இன்னோரிடத்தில் அழிவதும் ஏன்? கலையின் தரம் என்று சொல்வது சுலபம். ஆனால் நிலைத்த பெயர்களின் பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வீடும், அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே வளர்ந்த ஒரு குழந்தையும் தென்படும். முத்துசுவாமி தீட்சிதர் காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்து, 1839இல் பிறந்தவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி அவரைத் தத்தெடுத்து எட்டயபுரத்தில் வளர்த்தார். அந்த வளர்ப்பின் விளைவாக 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வந்தது. அது வந்திராவிட்டால் தீட்சிதரின் எத்தனை கீர்த்தனைகள் நமக்கு மிஞ்சியிருக்கும்? உ.வே.சாமிநாதையரின் தந்தை, உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். வீட்டில் புழங்கிய அந்தப் பாட்டுகளும் பேச்சுமே பின்னாளில் கிருஷ்ணையரைப் பற்றி மகன் எழுதிய புத்தகத்துக்கு வித்து. சென்னையில் வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளை நாம் இன்று ஏதோ கேட்டவர்கள் போலப் பேசுகிறோம் என்றால், பேரன் டி. சங்கரன் பாட்டியைப் பற்றி எழுதியதற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

உறவுக்காரர் சாட்சி சாட்சியாகுமா, தாத்தாவைப் பேரன் உயர்த்தித்தானே எழுதுவான் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். உறவினரின் புகழுரையைத் தள்ளுபடி செய்துவிட்டே படிக்க வேண்டும். ஆனால் சபையில் உட்கார்ந்தவர் கேட்பது தேறிவந்த பாட்டை மட்டும். எந்தச் சங்கதி பத்துத் தடவை பிசகியது, எந்த மாணவரை எதற்காக அதட்டினார், கையில் காசில்லாத மாதம் எப்படிக் கழிந்தது என்பதெல்லாம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். புகழைக் கூட்டிச் சொல்லத் தோன்றும். சாதக முறையைக் கூட்டிச் சொல்ல யாருக்கும் தேவை இருப்பதில்லை. சுப்பராம தீட்சிதர் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதை நாம் ஐயப்படலாம். கமகக் குறிகளோடு அவர் எழுதிவைத்த ஸ்வரங்களை இன்னொரு பரம்பரையின் பாடத்தோடு ஒப்பிட்டுச் சோதித்துவிட முடியும்.

இந்த அளவுகோலோடு செஞ்சிக்குத் திரும்பினால், இங்கே வீடும் இருக்கிறது, கேட்கிற குழந்தையும் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்பது புரியும். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன், இந்த வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டுக்கே மூலமாகச் சொல்லப்படுபவள். திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். கூத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குத் தனியாகப் பாடவேளை கிடையாது. ஆட்டம் பேச ஆள் வருவதைப் பார்ப்பது, ஜமாவோடு ஊர் ஊராகப் போவது, மத்தளச் சத்தத்திலேயே தூங்கி விழிப்பது, தாளம் போடுவது, பிறகு சின்ன வேஷம் கட்டுவது என்று போகிறது படிப்பு. வடக்கே புரிசையில் துரைசாமித் தம்பிரான், மகன் கண்ணப்பத் தம்பிரான், பேரன் சம்பந்தன் என்று கலை கைமாறியது இப்படித்தான். அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக அப்பா கட்டிய வேஷத்தைக் கட்டுகிறார்கள். இந்த வட்டாரத்து வழிபாட்டையும் கூத்தையும் பெரிய புத்தகமாக எழுதியவர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர். செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதைத் துணைத்தலைப்பாகக் கொண்ட முதல் தொகுதி 1988இல் வந்தது.

குரலை ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது, கூத்தில் முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் வந்துவிட்டது, சினிமா மெட்டும் புகுந்துவிட்டது என்பது அடுத்த மறுப்பு. தனம்மாள் வீடே இதற்கு விடை. அங்கே ஒரு பேரன் எழுதினார். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதங்களையும் ஜாவளிகளையும் பாடிக் காட்டினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அந்தப் பாட்டையே அபிநயமாக்கினார். எழுதியதை ஆவணம் என்று ஏற்று, பாடியதை வெறும் வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் யாரும் இல்லை. பிருந்தாவுக்குத் தருகிற மரியாதையைக் கூத்து வாத்தியார் மகனுக்குத் தராமல் இருப்பதற்கு இசை காரணமல்ல. மெட்டு மாறினாலும் கட்டியக்காரன் வருகை, திரை விருத்தம், அதன்பின் வேஷம் வெளிப்படும் முறை என்ற கட்டுக்கோப்பு மாறாமல் வருகிறது. எது மாறியது என்று பிரித்துச் சொல்ல முடிவதே பழையதன் நினைவு இருப்பதால்தான்.

அப்படியானால் எழுத்தே வேண்டாமா என்றால், வேண்டும். குரலில் இருக்கிற நினைவு, குரல் உள்ளவர் தொழிலை விட்ட நாளோடு போய்விடும். வாத்தியார் வீட்டுப் பேரன் சென்னையிலோ பெங்களூரிலோ சம்பளத்துக்குப் போவதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. கூத்துக் காசில் குடும்பம் நடத்தச் சொல்கிறவர்கள் அந்தக் காசு எவ்வளவு என்று விசாரித்ததில்லை. ஆனால் படித்த அந்தப் பேரனிடம் முன் தலைமுறையிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: கேட்டதும் தெரியும், எழுதவும் தெரியும். தாத்தா எவ்வளவு பெரியவர் என்பதை அவர் எழுத வேண்டியதில்லை. எந்த அடியில் தாளம் தப்பினால் தாத்தா திட்டுவார், எந்த ஊரில் எந்தப் பாட்டை மறுபடி கேட்பார்கள், மழைக்கு ஆட்டம் நின்றால் கூலியை எப்படிப் பங்கிட்டார்கள் என்று எழுதினால் போதும். யுனெஸ்கோவுக்காகக் கோட்டையின் ஒவ்வொரு மதிலுக்கும் கோப்பு தயாரிக்க முடிந்த நாட்டில், தேசிங்கைப் பாடியவருக்கு நேர்ந்த பெயரில்லாமை இன்று ஆடுகிறவர்களுக்கும் நேர்ந்தால், அதற்குக் காலத்தைக் காரணம் காட்ட முடியாது.