வளைவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கிறார்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறை தாண்டினால் பனிமூட்டம் எந்நேரமும் இறங்கும். கேபிள் புதைக்க, குடிநீர்க் குழாய் பதிக்க, மின்கம்பம் நட என்று பள்ளம் தோண்டுவதும் இதுபோன்ற மலைச்சாலை ஓரங்களில்தான். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம். வண்டி பாய்ந்து வந்தால் பள்ளம் தோண்டும் மனிதர் எங்கே ஒதுங்குவார்? பல இடங்களில் எச்சரிக்கை என்று இருப்பது நாலு கல்லும் ஒரு மரக்கிளையும். வயிறு எரிகிறது.

முன்கூட்டியே பலகை, தடுப்பு, ஒளிரும் மேலங்கி, கொடி காட்ட ஆள் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி (ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55, 2014) தெளிவாகவே சொல்கிறது. மலையில் அந்தப் பலகை வளைவுக்கு முன்பே நிற்க வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரே நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர் போனால், அரசுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு உயிருக்கு!

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் இருக்கிறது. அதிலேயே 'இன்று இந்த இடத்தில் வேலை நடக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கலாமே, நிர்வாகம் யோசிக்கட்டும். மலையேறும் நண்பர்களே, வளைவில் ஹாரன் அடித்து, வேகம் குறைத்துத் திரும்புங்கள்.