தென்காசிக் காற்றும் குற்றாலத் தண்ணீரும்

ஆனி மாதம் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், தமிழ் நாட்டில் அநேகக் குடும்பங்களுக்குத் தென்காசி ரயிலின் ஞாபகம் வந்துவிடும். எண்ணெய்ப் புட்டி, துண்டு, புளியோதரைப் பொட்டலம் சகிதமாக வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைத் திரும்பியும் பாராமல் குற்றாலத்துக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். அருவி எங்கும் ஓடிப்போய்விடாது. ஐந்து கிலோமீட்டர் தூரந்தான். ஆகையால் நேயர்களை முதலில் காசி விசுவநாதர் கோயில் வாசலில் சற்றுநேரம் நிறுத்தி வைக்க அனுமதி கோருகிறோம்.

அந்தக் கோபுர வாசலில் அடிக்கும் காற்று பிரசித்தமானது. உள்ளே நுழைகிறவனை முதலில் எதிர்த்துத் தள்ளும்; சில அடி நடந்ததும் பின்னாலிருந்து உள்ளே தள்ளும். காற்றை அனுபவித்துவிட்டுக் கல்லையும் கவனிக்க வேண்டும். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டிய வம்சத்தில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446-இல் இக்கோயிலை எடுக்கத் தொடங்கினான். அவனுடைய கல்வெட்டுப் பாடல் ஒன்றின் கருத்து அபூர்வமானது. இந்த ஆலயத்துக்கு வருங்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகம் அறிய இப்போதே பணிகிறேன் என்கிறான் அரசன். மன்னர்கள் பலர் தாங்கள் வென்ற நாடுகளின் ஜாபிதாவைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இவனோ இன்னும் பிறவாத, பேர் தெரியாத குடிமக்களுக்கு வணக்கம் எழுதி வைத்தான். பிற்காலத்தில் சிதைந்து வெகுகாலம் மொட்டையாக நின்ற கோபுரம், மீண்டும் ஒன்பது நிலையாக எழும்பி 1990-இல் குடமுழுக்குக் கண்டது. ஐந்து நூற்றாண்டு கழித்து அந்த வணக்கம் உரியவர்களைச் சென்று சேர்ந்தது.

அரசன் குடிகளைப் பணிவதாவது! ஆனால் 1776-இல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் வெளியிட்ட சுதந்தரப் பிரகடனத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான். அரசின் அதிகாரம் குடிகளின் சம்மதத்திலிருந்து பிறக்கிறது. சம்மதம் இல்லையேல் அதிகாரமும் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் தேயிலை அவர்களை அவ்வளவு கோபப்படுத்தியதோ, அதே கம்பெனியின் பட்டாளம் அதற்கு முன்பே இந்தச் சீமைக்கு வந்துவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

தென்காசிக்கு வடக்கே சங்கரன்கோவில் பக்கத்தில் நெற்கட்டும்செவல் என்னும் ஊர் இருக்கிறது. பூலித்தேவரின் பாளையம் அது. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு இருவர் போட்டியிட்டபோது, முகமது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றார்கள். முகமது அலி வென்றார். ஆனால் துணைக்கு வந்தவர்களுக்குக் கடன்பட்டார். கடனை அடைக்க வரி வேண்டும். வரியை வசூலிக்கப் பட்டாளம் வேண்டும். அப்படித்தான் 1755-இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூஸ்கானும் சேனையோடு திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்தார்கள். பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். மண்கோட்டையைத் தகர்க்கத் தக்க பெரிய பீரங்கி இல்லாமையால் ஹெரான் திரும்ப நேர்ந்தது. பிறகு யூசுப்கான் வந்து 1761-இல் அக்கோட்டைகளைக் கைப்பற்றினான். 1792-இல் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போயிற்று. 1801-இல் கர்நாடக ராஜ்யமே போயிற்று. உதவிக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆவதற்கு நாற்பத்தாறு வருஷந்தான் பிடித்தது.

பாளையக்காரர் ஆட்சியில் குடியானவன் பரம சுகமாக வாழ்ந்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களும் வரி வாங்கியவர்களே. ஆனால் தன்னுடைய சம்மதம் இல்லாத சண்டையின் கடனுக்குத் தன் களத்து நெல்லை அளக்க மறுத்தவரின் நியாயம் நியாயந்தான்.

ஏழாண்டு யுத்தம் 1763-இல் முடிந்தபோது, பிரிட்டனின் யுத்தக் கடனில் ஒரு பங்கு அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் ஏறிற்று. 1765-இல் முத்திரைத்தாள் வரி வந்தது. 1773-இல் தேயிலைச் சட்டம் வந்தது. அவ்வருஷம் டிசம்பர் 16-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் 342 கடலில் எறியப்பட்டன. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். மேலே சொன்ன 1792 உடன்படிக்கை அவர் காலத்தில் ஆனதுதான். அங்கே இழந்ததற்கு இங்கே வட்டியோடு வசூல் நடந்தது.

இப்போது குற்றாலத்துக்குப் புறப்படலாம். பேரருவியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு சூட்சுமம் புலப்படும். மலை உச்சியிலிருந்து பாயும் நீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவிலே பொங்குமாகடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, கொதித்து, வேகம் தணிந்து, பிறகு பாறையில் பரவி இறங்குகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் அருவி நீராட உதவாது, ஆளைக் கொன்றுவிடும். அது இருப்பதனால்தான் குழந்தையும் கிழவியும் ஒரே நீரில் நின்று தலையைக் கொடுக்கிறார்கள்.

அரசாங்க அதிகாரமும் இத்தகையதே. அமெரிக்கர் 1787-இல் அரசியல் சாசனம் எழுதியபோதும், 1791-இல் தனிமனிதனின் பேச்சு, மதம், வீடு, உடைமை இவற்றுக்குக் காப்பு விதிகள் சேர்த்தபோதும் செய்தது இதுதான். அதிகாரத்தின் பாதையில் ஒரு பள்ளம் தோண்டி வைத்தார்கள். அடிமைகளையும் பழங்குடிகளையும் அந்தக் காப்புக்கு வெளியே நிறுத்தியது அவர்கள் செய்த பெரும் பாவம். அடிமைத்தனம் ஒழிய 1865 வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் அவர்களுடைய முன்னோர் மற்றொரு புத்திமதியும் சொல்லிச் சென்றார்கள். வாஷிங்டன் 1796-இல் விடைபெறும்போதும், ஜெபர்சன் 1801-இல் பதவி ஏற்கும்போதும் சொன்னதன் சாரம், எல்லா நாட்டாருடனும் வியாபாரமும் சிநேகமும் கொள்ளுங்கள், எவருடைய சண்டையிலும் சிக்கிக்கொள்ளாதீர்கள் என்பதே.

அயல்நாட்டுச் சண்டைக்கும் தனிமனிதன் சுதந்தரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சரித்திரமே பதில் சொல்கிறது. 1846-இல் மெக்ஸிகோவின் மீது படையெடுத்தபோது, அடிமை முறைக்கும் அந்த யுத்தத்துக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்ற தோரோ ஓர் இரவு சிறையில் இருந்தார். அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் படித்துப் போற்றியது யாவரும் அறிந்ததே. ஸ்பெயினிடமிருந்து விடுவிப்பதாகச் சொல்லி 1898-இல் பிலிப்பைன்ஸில் இறங்கிய அமெரிக்கா, பிறகு அந்த மக்களையே எதிர்த்துப் போரிட்டது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் போன்றோர் அதைக் கண்டித்தார்கள். முதல் உலக யுத்தத்தின்போது, 1918-இல் நிகழ்த்திய ஒரு பிரசங்கத்துக்காக யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1908-இல் நம் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பியதும் பேச்சுத்தானே! வியட்நாம் யுத்தத்துக்கு லட்சக்கணக்கான இளைஞர்கள் கட்டாயமாகப் பிடித்து அனுப்பப்பட்டார்கள். கடல் கடந்து போகும் பட்டாளம் உள்ளூரில் பொங்குமாகடலைத் தூர்த்துவிட்டே போகிறது.

நம் நாடு மட்டும் இதற்கு விலக்கா? 1962-இல் சீனாவுடன் நடந்த சண்டை ஏறக்குறைய ஒரு மாதம். அதற்காக ஏற்பட்ட அவசர நிலையோ 1968 ஜனவரி வரையில் நீடித்தது. அது நாம் தேடிப் போன சண்டையல்ல என்பது மெய்தான். ஆனாலும் யுத்தம் போன பிறகும் அதற்காக வந்த சட்டம் எளிதில் போகாது என்ற பாடம் மாறவில்லை.

குற்றாலத்தில் இதையெல்லாம் நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரசிகமணி டி. கே. சி. வாழ்ந்து, கம்பனைப் பேசி, நண்பர்களுக்கு விருந்து வைத்த ஊர் அல்லவா இது? அந்த நண்பர்களில் முக்கியமானவர் ராஜாஜி. 1952-இல் அவர் சென்னை முதல் மந்திரியாக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் கார்டும் பையுமாக நின்ற குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. 1959-இல், எண்பது வயது கடந்த பிறகு, எதற்கெடுத்தாலும் லைசென்ஸும் பர்மிட்டும் கேட்கும் ஆட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-இல் வாஷிங்டனுக்குப் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். ஆனால் 1938-இல் அவருடைய அரசாங்கமே ஹிந்தி எதிர்ப்பாளர்களைக் கடுமையான சட்டத்தின் கீழ்ச் சிறையில் அடைத்தது. சுதந்தரத்தை நேசிக்கிறவர் கையிலும் அதிகாரம் அதிகாரமாகவே இருக்கும். ஆகவே நல்லவரைத் தேடுவதோடு நில்லாமல், பள்ளத்தையும் பத்திரமாகக் காக்க வேண்டும்.

பக்கத்து வீடு தீப்பற்றினால் கைகட்டி நிற்பதா என்று ஒரு கேள்வி எழும். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்தபோது இந்தியா எதிர்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். தீயை அணைத்துவிட்டுக் குடத்தோடு வீடு திரும்புகிறவனைக் குறை சொல்லலாகாது. 1972 மார்ச்சில் நம் சேனை வங்காள தேசத்தை விட்டு வெளியேறியது. அணைக்க வந்தவன் திண்ணையில் பாயை விரித்துச் சமையலுக்கும் கணக்குக் கேட்கத் தொடங்கினால்தான் 1755 திரும்புகிறது.

பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அதற்கு நாம் முணுமுணுப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளம் வடிந்ததும் விசிலும் ஓய்கிறது. அரசாங்கத்துக்கு நாம் வைக்கக்கூடிய அளவுகோல் இதைவிட எளிதாக வேறென்ன இருக்க முடியும்? அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும் பெற்றோர்கள், ஈரத்தலையைத் துவட்டும்போதே குழந்தைகளுக்குப் பொங்குமாகடலைக் காட்டட்டும். திரும்பும் வழியில் தென்காசியில் இறங்கி, அந்தப் பாண்டியன் யாரை வணங்கினான் என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும்.